குப்பம்மாளின் நெஞ்சுக்கு ஊர் போட்ட சீட்டு

சின்னமேட்டுக்குப்பம்,
பழவேற்காடு வழி.
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு (நான் மட்டும் சாப்பிட்டேன்).

ஆரம்பாக்கத்தில் சகல மரியாதைகளுடன் வாழ்ந்துவருபவரும், ரயில்வேயில் முப்பத்தொரு வருஷம் கேட்டைச் சாத்தித் திறந்து, ஒரு மாடுகூட அடிபடாமல் ஓய்வு பெற்றவரும், என் கல்யாணத்தன்று என் தோளில் கை வைத்து "பாத்துக்க" என்று ஒரே வார்த்தை சொன்னவருமாகிய பெரிய மச்சான் ராஜேந்திரன் அவர்களுக்கு, தங்கள் தங்கை குப்பம்மாளைக் கட்டிய மாசிலாமணி கைகூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தங்கள் தங்கையும் பரம சுகம். அவ்விடம் தாங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்க எங்கள் ஊர் கங்கையம்மன் துணை இருப்பாளாக. மேலே சுகம் என்று எழுதியது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. அடித்தால் காகிதம் அசிங்கமாகிவிடும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன், தாங்கள் அதைப் படிக்காதது போல் நினைத்துக்கொள்ளவும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்தில் தாங்கள் கத்த ஆரம்பிப்பீர்கள், மூன்றாவது வாக்கியத்தில் நான் பொய் சொல்ல ஆரம்பிப்பேன். இரண்டு வாரமாக அதுதான் நடக்கிறது. "தங்கச்சி பொன்னேரிப் பயிற்சிக்குப் போகுதாடா?" என்று தாங்கள் கேட்டபோதெல்லாம், "போறா மச்சான், நல்லா சைக்கிள் மிதிக்கிறா, டாக்டரே அசந்துட்டாரு" என்று சொன்னேன். அவள் போகவில்லை. ஒரு நாள்கூடப் போகவில்லை. சைக்கிளும் மிதிக்கவில்லை, யாரும் அசரவும் இல்லை. போன தடவை தாங்கள் அவளிடம் போனைக் கொடுக்கச் சொன்னபோது அவள் தூங்குகிறாள் என்றேன். அவள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. என்னோடு அவள் பேசி இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. ஏன் என்பதை எழுதத்தான் இவ்வளவு காகிதம்.

நடந்தது முழுவதும் தங்களுக்குத் தெரியும் என்றாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்கே விளங்கும். போன மாதம் ஒரு நாள் விடியற்காலை, ஏலம் எடுத்த இறால் கூடையைத் தலைக்கு ஏற்றும்போது தாடை வலிக்கிறது என்றாள். கடைவாய்ப் பல்தான் என்று நான் கிராம்பு வைத்தேன். மத்தியானம் வேர்த்துக் கொட்டியது, உடனே 108-க்குப் போன் போட்டேன், பொன்னேரிக்கு ஓடினோம், அங்கிருந்து சென்னை. ஆஸ்பத்திரி வாசலில் தாங்கள் என் சட்டையைப் பிடித்துக் கேட்டபோதும் இதையேதான் சொன்னேன். மாரடைப்பு என்றார்கள். நெஞ்சு வலிக்காமல் தாடை வலித்து ஒரு மாரடைப்பு வரும் என்று எனக்கு யார் சொன்னது? பெண்களுக்கு அப்படியும் வரும் என்று அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா பிறகு சொன்னார். ஸ்டென்ட் வைத்து, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது அந்த அம்மாதான் ஒரு கார்டு கொடுத்தார். இருபத்து நாலு கட்டம் போட்ட கார்டு. மேலே பெரிதாக, கு-ப்-ப-ம்-மா-ள் என்று, நான் ஊர்ப் பட்டியல் எழுதும் எழுத்தைவிட அழகான எழுத்து. பொன்னேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் இதயத்துக்கென்றே பயிற்சி தருகிறார்கள், திங்களும் வியாழனும், பன்னிரண்டு வாரம், நடக்கவும் மிதிக்கவும் மூச்சு விடவும் சாப்பிடவும் பழக்குவார்கள் என்றார். "மாத்திரை பாதி வைத்தியம்தான் ஐயா, இது மீதி பாதி. நாங்க எழுதிக் குடுத்து அனுப்புறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் அங்க போறதே இல்ல. நீங்க கூட்டிட்டுப் போவீங்கல்ல?" என்று கேட்டார். தலையால் நடந்தாவது கூட்டிக்கொண்டு போவேன் என்றேன். மச்சான், அதைச் சொல்லும்போது நான் பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அவளைக் கட்டிலில் படுக்க வைத்தேன். குழாயடிக்குப் போகக் கூடாது, துடைப்பத்தைத் தொடக் கூடாது, குனியக் கூடாது, நிமிரக் கூடாது என்று சட்டம் போட்டேன். உப்பு ஆகாது என்று சொன்னார்கள் என்பதால் வீட்டில் இருந்த கருவாட்டை எல்லாம் தூக்கிக் கொண்டுபோய் ஊர்க்காரன் ராஜவேலு வீட்டில் கொடுத்தேன், அவன் மூன்று நாள் என்னை வாழ்த்திக்கொண்டே சாப்பிட்டான். அன்று சாயந்தரம் கோயில் முன்னால் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்களிடம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்கு ஒரு பெருமை. கார்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். இருபத்து நாலு தடவை, இலவசம், பிரஷர் பார்ப்பார்கள், மெஷினில் நடக்க வைப்பார்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் பக்கத்திலேயே நின்று கவனிப்பாள் என்று சொன்னேன். வலை பொத்துவது நின்றது. எங்கள் ஊர்த் தலைவர் எல்லப்பன் கார்டை வாங்கி, கட்டத்தை எல்லாம் விரலால் தொட்டு எண்ணினார்.

"இருபத்து நாலும் ஒரே வூட்டுக்கா?" என்றார். "இன்னாய்யா நாயம் இது?"

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கத்தைத் தங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும். ஏரியில் வலை கட்ட நல்ல இடம் கொஞ்சம், ஆள் அதிகம். அதனால் இன்றைக்கு இவன், நாளைக்கு அவன் என்று முறை. அதைத்தான் பாடு என்கிறோம். வருஷத்துக்கு ஒரு தடவை அம்மன் முன்னால் சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த நாள் என்று எழுதுவோம். தன் நாள் வந்தால் காய்ச்சல் அடித்தாலும் போயே ஆக வேண்டும். தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு, அதாவது கல்யாணமான ஆம்பிளைக்கு ஒன்று. இந்தப் பழக்கம் ஏரியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வெளியிலிருந்து ஊருக்கு எது வந்தாலும் அதையும் பாடு போட்டுவிடுவார்கள். ஒரு புயலுக்குப் பத்துத் தார்ப்பாய் வந்தபோது, பத்தை இருபத்து மூன்று வீட்டுக்குச் சரியாகப் பங்கு போட்டு அறுத்தோம். யார் வீட்டுக் கூரையையும் மூட முடியவில்லை, ஆனால் யார் மேலும் யாருக்கும் வருத்தம் இல்லை. அன்றைக்குக் கத்தியை எடுத்துக் கொடுத்தவன் நான்தான் மச்சான். "ஊர்னா சமமா இருக்கணும்" என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். அதை எல்லப்பன் மறக்கவில்லை, வார்த்தை பிசகாமல் என்னிடமே திருப்பிச் சொன்னார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது இன்றைக்குக் குழந்தைக்குக்கூடத் தெரிகிறது. இது தார்ப்பாய் இல்லை, என் பொண்டாட்டியின் நெஞ்சு என்று சொல்லிவிட்டுக் கார்டைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நான் என்ன செய்தேன் தெரியுமா? பேனா எடுத்தேன். இருபது வருஷமாக ஊரில் பாடு முறைப் பட்டியல் எழுதுவது நான். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று கொடுத்த பதவி. அன்றைக்கும் "எழுதுப்பா மாசிலாமணி" என்றார்கள், கை தானாக எழுதிவிட்டது. இருபத்து மூன்று தலைக்கட்டு, இருபத்து மூன்று சீட்டு. ஒரு கட்டம் மிச்சம் வந்தது. அதை அம்மனுக்கு என்று ஒதுக்கினோம். அம்மன் சார்பில் பூசாரி போய் மெஷினில் நடப்பார் என்று தீர்மானம் ஆயிற்று. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சொம்பில் போட்டுக் குலுக்கி எடுத்ததில் நம் வீட்டுக்குப் பதினேழாவது. "நல்ல நம்பரு" என்று கூட்டத்தில் இருந்த குப்பன் என் முதுகில் தட்டினான். பதினேழாவது என்றால் ஒன்பதாவது வாரம் என்பது எனக்குக் கணக்கில் வந்தது, மூளையில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து, ஏதோ சாதித்துவிட்டவன் போல, "நமக்குப் பதினேழாவது விழுந்திருக்கு" என்று குப்பம்மாளிடம் சொன்னேன். அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"கார்டு யார் பேருல கீது?" என்றாள்.

"உன் பேருலதான்."

"சீட்டுல யார் பேர எழுதன?"

"என் பேர. வேற யார் பேர எழுதறது? தலைக்கட்டு நான்தான?"

திட்டியிருந்தால் பரவாயில்லை. தங்களுக்குத்தான் தெரியுமே, பொன்னேரி மார்க்கெட்டில் அவள் வாய்க்குப் பயந்து போலீஸ்காரர்களே பேரம் பேசாமல் நண்டு வாங்கிக்கொண்டு போவார்கள். ஒன்றும் சொல்லாமல் படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்குத் திரும்பியவள்தான்.

அடுத்த திங்கட்கிழமை முதல் முறை ராஜவேலுவுக்கு. இஸ்திரி போட்ட சட்டை, நெற்றி நிறைய விபூதி, கையில் நம் வீட்டுக் கார்டு. அங்கே பயிற்சி கொடுக்கும் பெண் நம் பழவேற்காட்டு ஜெகபர் அலி பாயின் பேத்தி ஃபர்ஹத். தங்கமான பெண். பதினோரு மணிக்கு எனக்குப் போன் செய்தாள். "ஐயா, குப்பம்மா எங்க? இங்க ஒருத்தர் வந்து, இன்னிக்கு எங்க வீட்டு முறைங்கிறாரு. எனக்கு ஒண்ணும் புரியல." நான் பாடு என்றால் என்ன என்று விளக்கினேன். அவள் முழுவதும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "ஐயா, ஹார்ட் அட்டாக் வந்தது அம்மாவுக்குத்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப அம்மாதானே வரணும்?" என்றாள். அந்தக் கேள்வியை நான் எனக்குள்ளே நூறு தடவை கேட்டுவிட்டேன் மச்சான், ஒரு தடவைகூட அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ராஜவேலுவை அவள் மெஷினில் ஏற்றவில்லை. அவ்வளவு தூரம் வந்தவரைச் சும்மா அனுப்பக் கூடாது என்று பிரஷர் மட்டும் பார்த்து அனுப்பினாள். ஏகப்பட்ட பிரஷர். மூன்று நாளாகக் கருவாடு தின்றிருக்கிறானே. கைநிறைய மாத்திரையோடு வந்து என் வீட்டு வாசலில் நின்று, கருவாடு கொடுத்த என்னை ஊர் கேட்கத் திட்டினான்.

வியாழக்கிழமை குப்பன் போனான். அவனையும் மெஷினில் ஏற்றவில்லை. அவனுக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்து அனுப்பினார்கள். மறு திங்கட்கிழமை எல்லப்பனே போனார். "ஊர்க் கட்டுப்பாடு தெரியுமா உனக்கு? இது என் மொற. மெசினப் போடு" என்று ஃபர்ஹத்திடம் சத்தம் போட்டிருக்கிறார். சத்தம் போட்டதிலேயே அவருக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. அவள் பயந்துபோய் உட்கார வைத்து ஈசிஜி எடுத்தால், அடைப்பு. அப்படியே ஆம்புலன்ஸில் ஏற்றி, மறுநாளே ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. அன்று அவர் ஏரிக்குப் போயிருந்தால் தோணியிலேயே முடிந்திருக்கும் என்றார்களாம். அவர் சம்சாரம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கார்டுதான் என் தாலிய காப்பாத்திச்சு" என்று அழுதாள். மூன்று முறையில் மூன்று பேருக்கு வைத்தியம் ஆயிற்று. யார் பேர் கார்டில் இருக்கிறதோ அவளை மட்டும் யாரும் இன்னும் பார்க்கவில்லை.

போன வியாழன் நான்காவது முறைக்காரன் போக மாட்டேன் என்றுவிட்டான். போகிறவன் எல்லாம் வியாதியோடு திரும்புகிறான், அந்தக் கார்டில் ஏதோ இருக்கிறது என்று ஊரில் பேச்சு. பூசாரி கார்டை வாங்கி மஞ்சள் தெளித்து அம்மன் காலடியில் வைத்துவிட்டார். அம்மனிடம் பூப்போட்டு உத்தரவு கேட்காமல் எடுக்கக் கூடாதாம். அன்று சாயந்தரம் ஃபர்ஹத் மறுபடியும் போன் செய்தாள். "ஐயா, நாலு தடவ பேஷன்ட் வரலன்னு எழுதியாச்சு. வர்ற வியாழக்கிழமைக்குள்ள அம்மா நேர்ல வரலன்னா பேரை எடுத்துருவாங்க. அப்புறம் சென்னைக்குப் போய், அந்த டாக்டரையே பாத்து, மறுபடி எழுதி வாங்கிட்டு வரணும். அட்டாக் வந்து முதல் சில வாரம்தான் ஐயா ரொம்ப முக்கியம். படுத்தே கிடந்தா அந்த இதயம் இன்னும் பலவீனம் ஆகும். கார்டு இல்லாட்டியும் பரவால்ல, அம்மாவ மட்டும் அனுப்புங்க" என்றாள். கடைசி வாக்கியத்தைக் கெஞ்சிச் சொன்னாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என் பொண்டாட்டிக்காக யாரோ பெற்ற பெண் என்னிடம் கெஞ்ச வேண்டியிருந்தது.

நேற்று எல்லப்பனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்தப் பாடு முறையை ரத்து செய்யுங்கள், கார்டை என்னிடம் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் கட்டிலில் படுத்தபடி கையை ஆட்டி, "சீட்ட மாத்தணும்னா ஊர் கூடணும். ஊர் கூடணும்னா நான் வரணும். நான் வரணும்னா டாக்டர் வுடணும். போய் டாக்டரைக் கேளு" என்றார். சரி என்று எழுந்தேன். அப்போது தலையணைக்கு அடியில் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. இருபத்து நாலு கட்டம். எல்லப்பன் என்று பேர். அவருக்கும் பயிற்சிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். அவசரமாக உள்ளே தள்ளிக்கொண்டு, "ஊர்ல சொல்லிடாதடா மாசிலாமணி" என்றார். மச்சான், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தேன்.

இதெல்லாம் ஊர்க் கதை. வீட்டுக் கதையைத் தங்களிடம் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் வைக்கிற உப்பில்லாத கஞ்சியைப் பக்கத்து வீட்டு ஜமுனா வந்து ஊட்டினால் நாலு வாய், இல்லையென்றால் அதுவும் இல்லை. முப்பத்து நாலு வருஷமாக விடியற்காலை பஸ்ஸில் கூடையோடு ஏறியவள், கண்டக்டர்கள் எல்லோருக்கும் அத்தையாக இருந்தவள், இன்றைக்கு வாசற்படி தாண்டுவதில்லை. முதலில் நான் எழுந்திருக்காதே என்றேன், இப்போது எழுந்திரு என்று கெஞ்சினாலும் எழுந்திருப்பதில்லை. மத்தியானத்தில் அவள் அசையாமல் படுத்திருக்கும்போது எனக்குத் தாங்க முடியாத பயம் வந்துவிடுகிறது. பக்கத்தில் போய் மூக்குக்கு நேரே கையை வைத்துப் பார்ப்பேன். கண்ணைத் திறக்காமலே என் கையைத் தட்டிவிடுவாள். அப்பாடா, உயிரோடு இருக்கிறாள் என்று திரும்பி வந்துவிடுவேன். எங்களுக்குள் இப்போது இருக்கிற பேச்சுவார்த்தை அவ்வளவுதான். அதற்காகவே ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கையை வைக்கிறேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

முந்தாநாள் ஜமுனாவிடம் அவள் பேசியதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ஒட்டுக்கேட்டது தப்புதான். "வூட்டுப் பட்டா அவரு பேரு. தோணி அவரு பேரு. வலை அவரு பேரு. பாடு அவரு பேரு. ரேஷன் கார்டுல கூட நான் ரெண்டாவது. என் பேரப் போட்டு, எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு வந்துச்சு ஜமுனா, அதுவும் நெஞ்சு வெடிச்சு வந்துச்சு. அதையும் எடுத்துகினு போய் ஊருக்குக் குடுத்துட்டாரு" என்றாள். அழவில்லை, ஏலத்தில் விலை சொல்வது போலச் சொன்னாள். ஒவ்வொரு வருஷமும் பட்டியல் எழுதியவன் நான்தானே மச்சான், எந்த வருஷமும் எந்த வரியிலும் ஒரு பொம்பளை பேர் இல்லை என்பது என் கண்ணில் படவே இல்லை. எழுத்து கோணாமல் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

ஆகையால் தங்களைக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், இந்தக் கடிதம் கிடைத்ததும் தயவுசெய்து வந்து தங்கள் தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். ஆரம்பாக்கத்தில் ரயில் இருக்கிறது, வியாழக்கிழமை பொன்னேரியில் இறக்கிவிட்டுத் திரும்பக் கூட்டிக்கொள்ளலாம். தாங்கள் சொன்னால் கேட்பாள். பன்னிரண்டு வாரமும் அங்கேயே இருக்கட்டும். நான் வந்து பார்க்க வேண்டாம் என்றால் வரவில்லை. வரும்போது என்னை நாலு அறை அறைவதானால் அறைந்துகொள்ளலாம், ஊரார் தடுக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் செத்துப்போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது மச்சான். வெறும் பயம் இல்லை, அவளாகவே அதற்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாளோ என்ற பயம். என் கையில் ஒன்றுமே மிச்சம் இல்லை. தங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். தங்கள் முழங்கால் வலிக்கு நல்லெண்ணெய் தேய்ப்பதை நிறுத்த வேண்டாம், வலி தாடைப் பக்கம் போனால் மட்டும் எண்ணெய் தேய்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவும். கங்கையம்மன் அருளால் தங்கள் குடும்பம் தழைத்து, எங்களைப் போன்ற சொந்தம் வேறு யாருக்கும் வாய்க்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளாத
மாசிலாமணி

பின்குறிப்பு (திங்கட்கிழமை, காலை பத்தே முக்கால்): மச்சான், வர வேண்டாம். இந்தக் கடிதத்தை நேற்று எழுதிவிட்டு டிவி மேல் வைத்திருந்தேன். இன்று காலை, இதைக் கொடுத்தனுப்பலாம் என்று, ஆரம்பாக்கத்துக்கு நண்டு லோடு ஓட்டும் மாரி எத்தனை மணிக்குக் கிளம்புகிறான் என்று கேட்கப் போனேன். அவன் வரக் காத்திருந்ததில் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தால் கட்டில் காலி. ஏரிக் கரைப் பக்கம் ஓடினேன். எதற்கு அந்தப் பக்கம் ஓடினேன் என்பதைத் தங்களுக்கு எழுத மாட்டேன். அங்கே எதிரில் பூசாரி மூச்சிரைக்க வந்தார். "உன் பொண்டாட்டி கோயிலுக்குள்ள வந்து, அம்மன் காலாண்ட இருந்த கார்ட எடுத்துகினு பஸ் ஏறிட்டாய்யா. பூப்போட்டுக்கூட கேக்கல!" என்றார். அம்மன் என்ன செய்தாள் என்று கேட்டேன். "அவ இன்னா செய்வா, சும்மாதான் இருந்தா" என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் கடிதத்தின் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருப்பது தெரிந்தது. தாங்களே திருப்பிப் பார்க்கலாம், ஆனாலும் எழுத்து கோழி கிளறினது போல் இருப்பதால் இங்கே எடுத்து எழுதுகிறேன்: "அண்ணா, கிராம்பு வச்சது ஒரு நாள் இல்ல. ரெண்டு நாளு. மத்தது எல்லாம் சரியாத்தான் எழுதிகீது. நீ வர வேணாம். குப்பம்மா." அவள் எழுதியதுதான் உண்மை மச்சான். முதல் நாளே வலிக்கிறது என்றாள். மறுநாள் நம் பாடு, போகாவிட்டால் முறை போய்விடும் என்று கிராம்பை வைத்துவிட்டு நான் ஏரிக்குப் போய்விட்டேன். டாக்டரிடமும் சொல்லவில்லை, தங்களிடமும் சொல்லவில்லை. சீக்கிரம் வந்திருந்தால் நெஞ்சில் இவ்வளவு சேதம் ஆகியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் அன்றைக்கும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஃபர்ஹத் போன் செய்தாள். அம்மா வந்துவிட்டார்கள், ஆறு நிமிஷம் நடந்தார்கள், பிரஷர் நன்றாக இருக்கிறது, அவசரம் என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டதற்கு இந்த நம்பரைக் கொடுத்தார்கள், சரியா என்று பார்க்கக் கூப்பிட்டேன் என்றாள். சரியான நம்பர்தான் என்று சொன்னேன். "பேசுறீங்களா?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் போனைக் குப்பம்மாள் கையில் கொடுத்துவிட்டாள். மூச்சுச் சத்தம் கேட்டது.

"இன்னாயா, கொழம்புச் சட்டிய மூடி வச்சியா?" என்றாள்.

அப்போதுதான் அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன். பஸ் ஏறுவதற்கு முன்னால் கத்திரிக்காய்க் குழம்பு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தெருநாய் ஒன்று தலையைச் சட்டிக்குள் விட்டு நக்கிக்கொண்டிருந்தது.

"வச்சிட்டேன்" என்றேன்.

"பொய்யி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஐந்தாறு வார்த்தை பேசியிருக்கிறாள், மச்சான்.